வீட்டில் வாயில்லா உயிர் இருக்கிறதா?

சில ஆண்டுகளுக்கு முன், சம்பா அறுவடை முடிந்த மாசி மாதத்தில், அறுபது வயதைக் கடந்த விவசாயி ஒருவர் எங்கள் மருத்துவப் பிரிவில் சேர்க்கப்பட்டார். நிரவிப் பக்கத்துச் சிற்றூர்க்காரர். மூன்று வாரங்களாகக் காய்ச்சல். காலையில் எழுந்து நடமாடுவார். மாலையானால் உடல் கொதிக்கும். இரவில் வேட்டி நனையும் அளவுக்கு வியர்க்கும். இடுப்பிலும் முதுகிலும் ஓயாத வலி. டைபாய்டு எனக் கருதி வெளியில் ஏற்கெனவே இரண்டு முறை மருந்து கொடுத்திருந்தார்கள். நாங்களும் மலேரியா, டைபாய்டு, காசநோய், சிறுநீர்த் தொற்று என வரிசையாகச் சோதித்தோம். எதுவும் பிடிபடவில்லை.

ஐந்தாம் நாள் காலை, சாப்பாட்டுத் தூக்கோடு வந்த மருமகள் செவிலியரிடம் தம் கவலையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "மாமா படுத்ததுலேருந்து ஆட்டப் பாத்துக்க ஆளில்ல சிஸ்டர். போன மாசம் வேற ரெண்டு ஆடு மாசம் நெறையாம குட்டிய வீசிடுச்சு. மாமாதான் ராத்திரியெல்லாம் முழிச்சிருந்து, கையாலயே எல்லாத்தையும் எடுத்துப் போட்டாங்க."

செவிலியர் அதை எங்களிடம் வந்து சொன்னார். அந்தச் சொற்களில்தான் நோய் இருந்தது. அன்றே புரூசெல்லா கிருமிக்கான குருதிச் சோதனைக்கு அனுப்பினோம். முடிவு உறுதியாக வந்தது. ஆறு வாரங்கள் இரண்டு மருந்துகளைச் சேர்த்து உட்கொண்டார். காய்ச்சலும் முதுகுவலியும் நீங்கி வீடு திரும்பினார்.

சேர்க்கையின்போது அவரிடம் நாங்கள் புகை, மது, சர்க்கரை, இரத்த அழுத்தம், மருந்து ஒவ்வாமை எல்லாம் கேட்டிருந்தோம். "வீட்டில் என்ன விலங்கு வளர்க்கிறீர்கள்? அவற்றுக்கு அண்மையில் உடல்நலம் கெட்டதா?" என்ற கேள்வியை மட்டும் கேட்கவில்லை. குறை எங்களுடையது. அதன் பிறகு எங்கள் பிரிவில் இந்தக் கேள்வி தவறாமல் கேட்கப்படுகிறது. எனினும், நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்ல மறக்கக் கூடாது என்பதற்காகவே இக்கட்டுரை.

ஒவ்வோர் உடலும் ஒவ்வொரு விதம்

காரைக்கால் வட்டாரத்தில் விலங்கு இல்லாத வீடு அரிது. வாசலில் நாய், அடுக்களையில் பூனை, கொல்லையில் ஆடும் கோழியும், தொழுவத்தில் மாடு, மாடியில் புறா, கூடத்தில் மீன் தொட்டி என ஏதேனும் ஒன்று இருக்கும். இவ்வீடுகளில் இருவகைத் தவறுகளை நாங்கள் காண்கிறோம். ஒன்று, விலங்கை வீட்டுப் பிள்ளையாகவே கருதி, நாம் உண்பதையும் நாம் விழுங்கும் மாத்திரையையும் அதற்குக் கொடுப்பது. மற்றொன்று, வீட்டில் ஒருவர் நோயுற்றதும் அதை அஞ்சி வெளியே விரட்டிவிடுவது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: அந்த விலங்கின் உடல் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறியாமை.

எளிய எடுத்துக்காட்டு உடல் வெப்பம். மனிதருக்கு இயல்பான வெப்பம் 98.6 டிகிரி ஃபாரன்ஹீட் என்போம். நாய்க்கும் பூனைக்கும் அது ஏறத்தாழ 101 முதல் 102.5 டிகிரி வரை இருக்கும். ஆட்டுக்கு 102 முதல் 104 வரை. கோழிக்கு 105-க்கும் மேல். நாயின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "உடம்பு சுடுகிறது, காய்ச்சல்" என்று முடிவு கட்டினால், அது பெரும்பாலும் நலமான நாயாகவே இருக்கும். அந்த முடிவை நம்பி அரை மாத்திரை கொடுக்கும்போதுதான் கேடு தொடங்குகிறது.

பாரசிட்டமால் மாத்திரை பூனைக்கு நஞ்சு. அதைச் செயலிழக்கச் செய்து வெளியேற்ற மனிதக் கல்லீரல் பயன்படுத்தும் வேதிவழி பூனையின் கல்லீரலில் மிகவும் குறைவு. ஆகவே அம்மருந்து பூனையின் சிவப்பணுக்களைத் தாக்கி, உயிர்வளியைச் சுமக்கும் திறனை அழிக்கிறது. நாம் தலைவலிக்கு விழுங்கும் ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். ஐபுபுரோஃபென், டைக்குளோஃபெனாக் போன்ற வலிமாத்திரைகள் நாயின் இரைப்பையில் புண்ணையும் சிறுநீரகச் செயலிழப்பையும் உண்டாக்கும். நோயாளி உள்ள வீட்டில் மாத்திரைகள் எங்கும் கிடக்கும். அவற்றைக் குழந்தைக்கு எட்டாமல் வைப்பது போலவே, நாய்க்கும் பூனைக்கும் எட்டாமல் வைக்க வேண்டும்.

நாங்கள் மனித மருத்துவம் படித்தவர்கள். விலங்கின் நோய்க்கு மருந்து சொல்வது கால்நடை மருத்துவரின் பணி. இங்கே நாங்கள் கூறுவது, எப்போது அவரை நாட வேண்டும், எப்போது எங்களை நாட வேண்டும் என்பதை வீட்டார் அறிந்துகொள்வதற்காக மட்டுமே.

நாய்

நாய்க்கு நம்மைப் போல் உடல் முழுதும் வியர்வை வழியாது. பாதங்களில் மட்டும் சிறிதளவு வியர்க்கும். நாக்கை நீட்டி மூச்சிரைப்பதே அதன் வெப்பத்தைத் தணிக்கும் வழி. அக்னி நட்சத்திர நாட்களில், நம் கடற்கரைக் காற்றின் ஈரப்பதத்தில், அவ்வழியும் சரியாகப் பயன்படுவதில்லை. நண்பகலில் தகரக் கொட்டகையின் கீழ் கட்டப்பட்ட நாய் சில மணி நேரத்திலேயே வெப்பத் தாக்குதலால் இறக்கக்கூடும். நிழலும் நீரும் அதற்கு மருந்தைவிட முக்கியம்.

சின்ன வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். மிஞ்சிய சாம்பார் சோற்றை நாள்தோறும் இடும் வீடுகளில் நாய்க்குச் சோகை வரக்கூடும். திராட்சையும் பாயசத்தில் இடும் உலர்திராட்சையும் சில நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். சாக்லேட்டும் ஆகாது.

ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரையுள்ள குட்டி, திடீரென்று உணவை மறுத்து, வாந்தி எடுத்து, இரத்தத்தோடு துர்நாற்றமாகக் கழிந்தால், அது பார்வோ வைரஸ் நோயாக இருக்கலாம். ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கும் நோய் இது. முறையான தடுப்பூசியால் தவிர்க்கக்கூடியதும் ஆகும். இந்த வைரஸ் மனிதருக்குத் தொற்றாது. உண்ணிக்காய்ச்சலால் சோர்ந்து, ஈறு வெளுத்து, மூக்கில் இரத்தம் வடியும் நாயையும் அடிக்கடி காணலாம். நாயுண்ணி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதில்லை. சுவரின் வெடிப்புகளிலும் கட்டிலின் இடுக்குகளிலும் கழிக்கிறது. எனவே நாயைக் குளிப்பாட்டினால் மட்டும் போதாது. நாய் படுக்கும் இடத்தையும் சீர்செய்ய வேண்டும்.

நாயின் குடற்புழுக்கள் நம்மைத் தேடி வரும் இடம் மண். நாய் கழித்த மணலில் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் வளர்கின்றன. அம்மணலில் வெறுங்காலோடு நடப்போரின் தோலில் அவை நுழைந்து, சிவந்த கோடாக நெளிந்து நெளிந்து ஊரும். கடற்கரையில் விளையாடிவிட்டு வந்த குழந்தையின் பாதத்தில் அரிப்போடு இத்தகைய கோடு தெரிந்தால் தோல் மருத்துவரைக் காணுங்கள், எளிதில் குணமாகும். உருண்டைப்புழுவின் முட்டை மண்ணோடு குழந்தையின் வாய்க்குள் சென்றால் சில வேளைகளில் கண்ணையும் பாதிக்கும். குட்டி பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்தே புழுநீக்க மருந்து தொடங்குவது இதனால்தான்.

வெறிநோய்: காலம் தாழ்த்தக் கூடாத ஒன்று

நாயைப் பற்றிப் பேசும்போது இதைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. வெறிநாய்க்கடி வைரஸ் கடிவாயிலிருந்து நரம்பு வழியாக மூளையை நோக்கி மெல்ல நகர்கிறது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்களில் நோய் வெளிப்படும். சில நாட்களிலும் வரலாம், ஓராண்டு கழித்தும் வரலாம். வெளிப்பட்ட பின் ஏறத்தாழ எவரும் பிழைப்பதில்லை. வெளிப்படும் முன் தடுப்பது எளிது. இவ்விரண்டுக்கும் இடையே இருக்கும் காலம்தான் நம் கையில் உள்ளது.

நம் ஊர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலத்தில், 1885 ஜூலை 6 அன்று, பாரிசில் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்டருக்கு இத்தடுப்பு மருந்தைச் செலுத்தச் செய்தார். சிறுவன் பிழைத்தான். 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் ஆட்டு மூளைத் திசுவிலிருந்து செய்யப்பட்ட மருந்தை வயிற்றில் நாள்தோறும் செலுத்தினார்கள். "தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி" என்ற அச்சம் அதிலிருந்து வந்ததே. அம்மருந்தின் உற்பத்தி இந்தியாவில் 2004-ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது போடப்படுவது தோளில். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் நான்கு முறை வந்தால் போதும். பழைய அச்சத்தால் இன்னமும் கடியை மறைப்போர் உண்டு. முக்கியமாகக் குழந்தைகள், அடி விழும் என்று மறைக்கிறார்கள். கடியைச் சொன்ன குழந்தையைத் திட்டாதீர்கள்.

கடித்தாலோ கீறினாலோ முதலில் செய்ய வேண்டியது, ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவது. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதையும் அப்ப வேண்டாம். கட்டுப் போடவும் வேண்டாம். அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். இரத்தம் கசிந்த காயமானால் தடுப்பூசியோடு எதிர்ப்புப் புரத ஊசியையும் காயத்தைச் சுற்றிப் போட வேண்டும். வளர்ப்பு நாய்தானே, குட்டிதானே, பூனைதானே என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம். நாயைப் பத்து நாள் கண்காணிப்பது நல்லதே. ஆனால் ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் கண்காணிக்க வேண்டும்.

வெறிநோய் மாட்டுக்கும் வரும். தீனி விழுங்க இயலாமல், வாயில் நுரை ஒழுக நிற்கும் மாட்டைக் கண்டு, தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று கையை வாய்க்குள் விட்டுத் தேடுவார்கள். அவ்வாறு செய்யாதீர்கள். முதலில் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

பூனை

பூனை முழுமையான ஊனுண்ணி. டாரின் என்னும் சத்து அதன் கண்ணுக்கும் இதயத்துக்கும் இன்றியமையாதது. பூனையின் உடலால் அதைப் போதிய அளவில் ஆக்கிக்கொள்ள இயலாது. தாவர உணவிலும் அது கிடைப்பதில்லை. பால்சோறும் தயிர்சோறும் மட்டுமே உண்டு வளரும் பூனை நாளடைவில் பார்வையை இழக்கலாம். அதன் இதயமும் தளரலாம். வேகவைத்து முள் நீக்கிய மீன், சிறிது இறைச்சி, முட்டை ஆகியவற்றை மாற்றி மாற்றித் தருவது நல்லது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, கழிச்சல் வரும். நாயுண்ணிக்காக வாங்கிய பெர்மெத்ரின் கலந்த மருந்தைப் பூனைக்குத் தடவினால் வலிப்பு வந்து இறந்துவிடக்கூடும்.

ஆண் பூனை அடிக்கடி குந்தி முக்கியும் சிறுநீர் வராவிட்டால் அது மலச்சிக்கல் அன்று. பெரும்பாலும் சிறுநீர்ப்பாதை அடைப்பு. ஒரு நாள் தாமதமும் உயிருக்கு ஆபத்து.

கருவுற்ற பெண்கள் உள்ள வீட்டில் பூனைக்கு உடனே தண்டனை வழங்கப்படுகிறது. டாக்சோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் கருவைப் பாதிக்கும் என்பது உண்மையே. ஆனால் பூனை இந்நுண்ணுயிரை மலத்தில் வெளியேற்றுவது, முதன்முறை தொற்றும்போது ஓரிரு வாரங்கள் மட்டுமே. வெளியேறிய முட்டைகள் தொற்றும் நிலையை அடையக் குறைந்தது ஒரு நாளாகும். ஆகவே மணல் தட்டை நாள்தோறும் தூய்மை செய்தால், அதைக் கருவுற்றவர் செய்யாமல் வேறொருவர் செய்தால், அச்சம் பெரிதும் குறைகிறது. நன்கு வேகாத இறைச்சி, கழுவாத கீரை, கையுறையின்றித் தோட்டமண்ணைக் கிளறுதல் ஆகியவை வீட்டுப் பூனையைவிடக் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை.

பூனைக்குட்டி கீறிய சில நாட்களில் அக்குளிலோ கழுத்திலோ நெறி கட்டிக் காய்ச்சல் வந்தால், "பூனை கீறியது" என்று மறவாமல் சொல்லுங்கள். கழலையைக் கண்டு வேறு நோய்களைத் தேடி நாட்களைக் கழிக்காமல் இருக்க அது உதவும்.

ஆடும் மாடும்

ஆட்டுக்கும் மாட்டுக்கும் இரைப்பையில் நான்கு அறைகள். முதல் அறை பெரியதொரு நொதிப்புத் தொட்டி. கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அங்கே வைக்கோலையும் புல்லையும் செரித்துத் தருகின்றன. மாட்டைப் பேணுவது என்பது அந்நுண்ணுயிர்களைப் பேணுவதே. மாட்டுப் பொங்கலன்று அன்பு மிகுந்து ஊட்டப்படும் பானைப் பொங்கலும், கல்யாண வீட்டுப் பந்தியில் மிஞ்சிய சோறும் ஒரே வேளையில் உள்ளே சென்றால், மாவுச்சத்து விரைந்து புளித்து அமிலமாகிறது. நுண்ணுயிர்கள் மடிகின்றன, விலங்கு அசைபோடுவதை நிறுத்தி, கழிந்து, சாய்ந்துவிடுகிறது. பொங்கல் ஊட்டுங்கள், ஒரு கைப்பிடி போதும். இடப்புற வயிறு மத்தளம் போல் உப்பினால் அது அவசர நிலை.

கோமாரி, தோல் கழலை நோய், ஆட்டுக்கொல்லி ஆகியவை விலங்குகளிடையே வேகமாகப் பரவுபவை. மனிதருக்கு அவற்றால் அச்சமில்லை என்றே கொள்ளலாம். நாம் அஞ்ச வேண்டியவை வேறு. அவற்றில் முதன்மையானது, தொடக்கத்தில் சொன்ன பெரியவரைத் தாக்கிய கன்றுவீச்சு நோயாகிய புரூசெல்லா. நோயுற்ற ஆடோ மாடோ கருவை வீசும்போது நஞ்சுக்கொடியிலும் நீரிலும் கிருமிகள் ஏராளமாக வெளியேறும். கையிலுள்ள சிறு வெடிப்பு வழியாகவும், மூச்சுக்காற்று வழியாகவும், காய்ச்சாத பால் வழியாகவும் அவை நம்மை அடையும். மாட்டின் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. கருவை வீசிய மாட்டின் கொடியை அவ்வாறு கட்டவும் கூடாது, நாய்க்கு எறியவும் கூடாது. கையுறையோ, தடித்த நெகிழிப்பையோ அணிந்து எடுத்து, ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். பாலைப் பொங்கக் காய்ச்சியே குடிக்க வேண்டும். மையக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், 2019 முதல், நான்கு முதல் எட்டு மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு இந்நோய்க்கான தடுப்பூசி போடப்படுகிறது. கன்று அந்த வயதைக் கடக்கும் முன் கால்நடை மருந்தகத்தை அணுகுங்கள்.

நலமாக நின்ற மாடோ ஆடோ திடீரென்று இறந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருங்குருதி வடிந்தால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அதை அறுக்கவோ தோலை உரிக்கவோ கூடாது. கால்நடை மருத்துவருக்குத் தெரிவித்த பின்னரே அகற்ற வேண்டும்.

கோழி, புறா, கிளி

பறவையின் நுரையீரல் நம்முடையது போல் விரிந்து சுருங்குவதில்லை. உடலெங்கும் பரவிய காற்றுப்பைகள் காற்றை ஒரே திசையில் இழுத்துச் செலுத்துகின்றன. பறப்பதற்குத் தேவையான உயிர்வளியை ஈர்க்கும் இவ்வமைப்பு நச்சுப்புகையையும் அதே விரைவில் ஈர்க்கும். ஒட்டாத வாணலி அடுப்பில் காய்ந்து தீய்ந்தால் எழும் புகை, நமக்கு இருமலைத் தரும். கூண்டுப் பறவையைக் கொன்றுவிடும். மேலும், பறவை தன் நோயை இயன்றவரை மறைக்கும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஓரமாக உறங்கும் கோழி, அன்று நோயுற்றதன்று. பல நாட்களாக நோயுற்றிருப்பது.

கழுத்து முறுக்கி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கூட்டம் கூட்டமாகக் கோழிகள் இறந்தால் அது வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். இமயமலைப் பகுதி ஊரான ராணிக்கேத்தின் பெயராலும் அந்நோய் வழங்குகிறது. தடுப்பூசியே வழி. ஆயினும் கூட்டமாகக் கோழிகளோ காகங்களோ மடிந்தால் பறவைக்காய்ச்சலும் நினைவுக்கு வர வேண்டும். வெறுங்கையால் தொடாமல், சமைக்காமல், கால்நடைத் துறைக்குத் தெரிவியுங்கள்.

கிளிக்கும் புறாவுக்கும் வரும் ஒருவகைத் தொற்று, உலர்ந்த எச்சத் தூசி வழியாக நமக்கு நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். வழக்கமான மருந்துகளுக்கு அது கட்டுப்படாமல் போகலாம். டாக்சிசைக்ளின் போன்ற மருந்துக்குக் கட்டுப்படும். புறா எச்சத் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்போருக்கு நுரையீரல் மெல்லத் தடித்துப்போவதும் உண்டு. ஆகவே வறட்டு இருமலோடு வரும்போது, மாடியில் புறா இருப்பதைச் சொல்லுங்கள். எச்சத்தை உலர்ந்த நிலையில் பெருக்காமல், நீர் தெளித்து நனைத்தபின் மூக்கை மூடிக்கொண்டு அகற்றுங்கள். நம் நாட்டுப் பச்சைக்கிளியையும் மைனாவையும் கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம்.

அழையாத விருந்தாளி

எலியை யாரும் வளர்ப்பதில்லை. ஆனால் கோழித்தீவனமும் மாட்டுத் தவிடும் உள்ள இடத்தில் எலியும் இருக்கும். எலியின் சிறுநீரிலிருந்து தேங்கிய நீரில் கலக்கும் லெப்டோஸ்பைரா கிருமி, சேற்றில் ஊறிய காலின் வெடிப்பு வழியாக உடலுக்குள் நுழைகிறது. இதுவே எலிக்காய்ச்சல். நாயும் மாடும் பன்றியும்கூட இக்கிருமியைச் சுமக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அரசலாற்றுப் படுகையின் வயல்களில் நீர் தேங்கும்போது இதை நினைவில் கொள்ள வேண்டும். கடுங்காய்ச்சல், கெண்டைக்காலில் தொட முடியாத வலி, பீளையில்லாமல் சிவந்த கண் ஆகிய மூன்றும் சேர்ந்தால் காலம் தாழ்த்தாதீர்கள். கண் மஞ்சளாகி, சிறுநீர் குறைந்த பிறகு வருவோரில் சிலருக்கு டயாலிசிஸ் வரை தேவைப்படுகிறது. முதல் நாட்களில் வந்தால் மாத்திரையிலேயே குணமாகலாம்.

நோயாளி உள்ள வீட்டில் விலங்கை விரட்ட வேண்டுமா?

டயாலிசிஸ் பெற்றுவரும் ஒரு தாய் எங்களிடம் ஒருமுறை கேட்டார்: "எனக்கு உடம்பு முடியாமப் போச்சுன்னு பத்து வருஷமா வளத்த நாயக் கொண்டுபோய் எங்கயோ விட்டுட்டு வந்துட்டான் டாக்டர், என் புள்ள. நான் சாப்புடுற நேரத்துக்கு அது வாசல்ல வந்து ஒக்காரும். அத விரட்டச் சொன்னது நீங்களா?" நாங்கள் சொல்லவில்லை. எவரோ சொன்னதைக் கேட்டு, தாயின் மேலுள்ள அன்பால் மகன் செய்தது அது. தடுப்பூசி போட்டு, புழு நீக்கி, உண்ணியின்றி வளர்க்கும் ஒரு நாயைப் பெரும்பாலான நோயாளிகள் விட்டுப் பிரிய வேண்டியதில்லை. தெருவில் விடப்பட்ட வளர்ப்பு நாயோ, பசியாலும் அச்சத்தாலும் கடிக்கத் தொடங்குகிறது. யாருக்கும் அதனால் நன்மையில்லை.

விரட்ட வேண்டாம், ஆனால் கீழ்க்கண்டவற்றில் கவனம் வேண்டும்.

• புற்றுநோய் மருந்து, உறுப்பு மாற்றுக்குப் பின்னான மருந்து, ஸ்டீராய்டு ஆகியவற்றை எடுத்துக்கொள்வோர் விலங்கின் கழிவை அகற்ற வேண்டாம். புதிதாகக் குட்டியையோ, கழிச்சல் உள்ள விலங்கையோ வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். இவர்களுக்குச் சிறு கீறலுக்கும் எதிர்ப்புப் புரத ஊசி தேவைப்படலாம். ஊசி போடுமிடத்தில் உங்கள் நோயைச் சொல்லுங்கள்.

• மண்ணீரல் நீக்கப்பட்டோரும் கல்லீரல் சுருக்கம் உள்ளோரும் நாய்க்கடிக்குப் பின் காய்ச்சல் வந்தால் சில மணி நேரமும் காத்திருக்கக் கூடாது. நாயின் எச்சிலில் இயல்பாக வாழும் ஒரு கிருமி இவர்களின் குருதியில் விரைந்து பரவும்.

• சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனோர் இரவில் பாதத்தைக் காலுறையாலோ, செருகிய கொசுவலையாலோ காத்துக்கொள்ளுங்கள். எலி கடித்தது தெரியாமல் காலையில் படுக்கையில் இரத்தத்தைக் கண்டு வருவோர் உண்டு. பாதப்புண்ணை நாய் நக்க விடாதீர்கள்.

• வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்வோர், நீர் மாற்றும் அறைக்குள் பூனையை விடாதீர்கள். பூனை குழாயைக் கடித்து வயிற்றுக்குள் தொற்று பரவிய நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் உள்ளன.

• கையில் புண் இருக்கும்போது மீன் தொட்டியைக் கழுவாதீர்கள். மாதக்கணக்கில் ஆறாத கொப்புளத்துக்கு அந்நீரில் வாழும் ஒருவகைக் கிருமி காரணமாகலாம்.

• அனைவருக்கும் பொதுவானது: விலங்கைத் தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுதல்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

அடுத்த முறை காய்ச்சலுக்கோ, இருமலுக்கோ, ஆறாத புண்ணுக்கோ வரும்போது நான்கு செய்திகளை நினைவில் கொண்டு வாருங்கள். வீட்டிலும் கொல்லையிலும் என்னென்ன விலங்குகள் உள்ளன. அவற்றில் எதுவும் அண்மையில் நோயுற்றதா, இறந்ததா, கருவை வீசியதா. கடி, கீறல், உண்ணிக்கடி ஏதேனும் உண்டா. காய்ச்சாத பால், தேங்கிய நீர், எச்சத் தூசி ஆகியவற்றோடு தொடர்பு உண்டா. நோயாளியால் பேச இயலாவிட்டால், உடன் இருப்போர் சொல்லுங்கள். "இதையெல்லாம் போய் டாக்டரிடம் சொல்வதா?" என்று தயங்க வேண்டாம்.

அப்பெரியவர் ஆறு வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தார். ஆடுகளை என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். கால்நடை மருத்துவரை அழைத்துக் காட்டியதாகவும், சோதனையில் நோய் தெரிந்த இரண்டை மந்தையிலிருந்து நீக்கியதாகவும், மற்றவை நலமாக இருப்பதாகவும் சொன்னார். உடன் வந்திருந்த மருமகளிடம், "நீங்கள் சொல்லியிராவிட்டால் எங்களுக்குத் தெரிந்திருக்காது" என்றோம். அவர் வியப்போடு எங்களைப் பார்த்தார். "நான் ஆட்டப் பத்தித்தானே டாக்டர் சொன்னேன்" என்றார்.